காற்று ஒழுகும் வாத்தியம்

சேலம், நாமக்கல் பக்கம் தெருக்கூத்தில் ஆர்மோனியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு சர்ச் பைப் ஆர்கன் பாதி தெரிந்த வாத்தியம்தான். துருத்தியும் கட்டைகளும் இரண்டிலும் உண்டு. ஆர்மோனியத்தில் காற்று பட்டு அதிர்வது பித்தளை நாக்கு. ஆர்கனிலோ ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக் குழல். பெரும்பாலானவை புல்லாங்குழல் ஜாதி. ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த குழல்கள் அதிகம், மரக்குழல்களும் உண்டு. பெரியது எட்டடி, பதினாறடி போகும்; பொடிசு சுண்டுவிரலைவிடக் குட்டை. சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் இருப்பது, இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பீட்டர் கொனாச்சர் கம்பெனி 1883இல் செய்தது.

பழைய ஆர்கனில் முதலில் கெடுவது குழல் அல்ல, தோல். துருத்தி மடிப்பிலும், குழல்களுக்குக் கீழே காற்றுப்பெட்டியில் உள்ள வால்வுகளிலும் ஆட்டுத்தோல் ஒட்டியிருக்கும். நம் வெயிலில் தோல் விறைக்கும், மரம் விரிசல் விடும். மிச்சத்தை எலியும் கரையானும் பார்த்துக்கொள்ளும். வால்வு சரியாக மூடாவிட்டால் கட்டையைத் தொடாமலே ஒரு குழல் ஊதிக்கொண்டே இருக்கும். பிரசங்கத்தின் நடுவே அது தொடங்கினால் ஐயர் பாடு திண்டாட்டம்தான்.

ஆகவே பழுதுபார்ப்பதில் பெரும்பங்கு காற்று ஒழுகலை அடைப்பதே. குழல்களுக்கு எண் போட்டு இறக்கி, தூசி தட்டி, புதுத்தோலைச் சுடச்சுட வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டுவார்கள். கடைப்பசை சீக்கிரம் ஒட்டும். ஆனால் சூடும் ஈரமும் காட்டினால் வஜ்ஜிரம் விட்டுக்கொடுக்கும், ஐம்பது வருடம் கழித்து வருகிறவர் மரத்தைச் சிதைக்காமல் பிரிக்கலாம். குழலின் வாயில் மட்டும் கத்தி வைக்கக் கூடாது. அங்கே கொஞ்சம் சீவினாலும் பழைய குரல் போய்விடும்.

இதில் அசாத்தியப் பொறுமை காட்டியது பிலிப்பைன்ஸின் லாஸ் பின்யாஸ் மூங்கில் ஆர்கன் வேலை. தியேகோ செரா என்ற பாதிரியார் 1824இல் முடித்தது. 1031 குழல்களில் 902 மூங்கில். பூச்சி அரிக்காமலிருக்க மூங்கிலை முதலில் கடற்கரை மணலில் புதைத்து வைத்தாராம். 1973இல் அது ஜெர்மனியின் பான் நகரத்து க்ளைஸ் பட்டறைக்குப் போனது. குளிர்நாட்டு வறட்சியில் சரிசெய்தால் ஊர் திரும்பியதும் மரம் உப்பிவிடும். அதனால் பிலிப்பைன்ஸின் வெக்கையும் ஈரமும் உள்ள ஓர் அறையை அங்கேயே உண்டாக்கி வேலை பார்த்தார்கள். 1975இல் ஆர்கன் திரும்பி வந்தது.

வெப்பம் சுருதியையும் விடாது. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் குழலின் சுருதி அரைச் சுரத்தில் நூற்றில் மூன்று பங்கு ஏறும். பன்னிரண்டு டிகிரி ஏறினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நாக்கு வைத்த குழல்களோ அவ்வளவாக அசையாது, இரண்டும் ஒட்டாமல் போகும். ஞாயிறு ஆராதனை காலையில் என்றால், சுருதி சேர்ப்பவரும் காலையிலேயே வந்தாக வேண்டும்.