எல்லை தாண்டும் துப்பாக்கி

வெளிமாநிலம் செல்லும் போலீசார் துப்பாக்கி கொண்டு போகலாமா? தாராளமாகப் போகலாம். அரசு ஊழியர் கடமைக்காக வைத்திருக்கும் ஆயுதத்துக்கு, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி லைசென்சு தேவையில்லை. வாரண்டு இன்றிக் கைது செய்யத்தக்கவரை நாட்டின் எந்த மூலைக்கும் துரத்திச் செல்லவும் சட்டம் இடம் தருகிறது.

சட்டத்தில் தடையில்லை, அபாயம் வேறிடத்தில். கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையரைத் தேடி ராஜஸ்தான் மாநிலம் பாலி மாவட்டத்துக்குப் போன சென்னை மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன், 2017 டிசம்பர் 13-ந் தேதி குண்டு பாய்ந்து மாண்டார். கொள்ளையர் சுட்டதாகவே முதலில் செய்தி. உடன் சென்ற அதிகாரியின் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்று பிறகு ராஜஸ்தான் போலீசார் கூறினர். அறியாத ஊர், கைகலப்பு. பாவம், யார்தான் நிதானிக்க முடியும்?

அவரது உடல் அப்போதைய நெல்லை மாவட்டத்தில், சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.