வாங் சிபிங்: அடிக்கவும் ஆற்றவும் தெரிந்த ஆசான்



பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை கற்றுக்கொடுக்க நல்ல ஓர் ஆசான் வேண்டும் என்று பெற்றோர் பலர் விரும்புகிறார்கள். நல்ல ஆசான் என்பவர் யார்? அதை விளங்கிக்கொள்ளச் சீனத்தில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் ஆசானின் வாழ்க்கையை இந்த இதழில் சொல்கிறோம். அவர் பெயர் வாங் சிபிங். 1881இல் பிறந்து, 1973இல் ஷாங்காய் நகரில் வஃபாத்தானவர்.

பிறந்த ஊரும் கற்ற கலையும்

சீனத்தில் ஹுய் என்னும் முஸ்லிம் சமுதாயத்தார் ஒரு கோடிக்கும் மேல் வாழ்கிறார்கள். இவர்கள் பேசுவது சீன மொழிதான். வடக்கே ஹெபெய் மாகாணத்தில் உள்ள சாங்ஜோ, ஹுய் மக்கள் நிறைந்த ஊர்களில் ஒன்று. அந்தக் காலத்தில் அது உப்பு பூத்த மண், அடிக்கடி வெள்ளம், குறைந்த விளைச்சல் என்றிருந்த ஊர். பெருங்கால்வாய் அவ்வழியே ஓடியதால் சரக்குப் போக்குவரத்து மட்டும் அதிகம். வணிகரின் சரக்குக்குக் காவலாகப் போவது அங்கே பலருக்குப் பிழைப்பு. அதனால் கம்பும் வாளும் கைச்சண்டையும் வீட்டுக்கு வீடு பழக்கத்தில் இருந்தன. வாங் சிபிங் பிறந்ததும் அப்படிப்பட்ட குடும்பத்தில்தான்.

இளம் வயதில் அவர் ஊரை விட்டு ஜினான் நகருக்குச் சென்றார். அங்கே யாங் ஹோங்ஷியூ என்னும் ஹுய் ஆசானிடம் சாசுவான் என்ற கலையைக் கற்றார். சாசுவான் ஹுய் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலை. அதில் முதன்மையானவை பத்து வரிசைகள். அது பிறந்த விதத்தை அவர்கள் ஒரு கதையாகச் சொல்வார்கள். மேற்கிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் வீரர் படையோடு போகும் வழியில் நோயுற்று, ஷாண்டோங் பகுதியில் ஒரு கிராமத்தில் தங்கிவிட்டாராம். ஊரார் அவரைப் பராமரித்துக் குணப்படுத்தினார்கள். அந்த நன்றிக்காகத் தாம் அறிந்த கலையை அவர் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாராம். நோயாளியைப் பார்த்துக்கொண்டதற்குக் கிடைத்த கைம்மாறு என்றே அந்த மக்கள் தங்கள் கலையை எண்ணுகிறார்கள்.

பலமும் பெயரும்

வாங் சிபிங்கின் உடல்பலம் பற்றிய கதைகள் ஏராளம். 1898இல் ஜெர்மனி, ஷாண்டோங் கரையில் உள்ள ஜியாவ்ஜோ விரிகுடாவைக் குத்தகையாகப் பெற்றது. அந்நியர் ஆதிக்கம் வளர்ந்த அக்காலத்தில், ஒரு பள்ளிவாசலின் வேலைப்பாடு மிக்க கதவுகளை எடுத்துச் செல்ல ஜெர்மானியர் வந்ததாகவும், வாங் சிபிங் வாசலில் நின்று தடுத்ததாகவும் ஹுய் மக்கள் சொல்லிவருகிறார்கள். வெளிநாட்டு மல்லர்களின் சவாலை ஏற்று மேடையேறியவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

1928இல் நான்ஜிங் நகரில் மத்திய தேசியக் கலைக் கழகம் தொடங்கப்பட்டது. சீனத் தற்காப்புக் கலைகள் அனைத்தையும் ஒரே இடத்தில் கற்பிப்பதே அதன் நோக்கம். அதன் ஷாவ்லின் பிரிவுக்கு வாங் சிபிங் தலைவரானார். வூடாங் பிரிவு வேறொரு ஆசானிடம் இருந்தது. சில மாதங்களில் இரு பிரிவுகளுக்கும் போட்டி முற்றி, தலைவர்களே மோதிக்கொள்ளும் நிலை வந்தது. நிர்வாகம் பிரிவுமுறையையே நீக்கிவிட்டது. ‘எங்கள் ஆசான், உங்கள் ஆசான்’ என்ற பேச்சு, சேர்ந்து கற்க வந்த இடத்தையும் இரண்டாக்கிவிடும் என்பதற்கு இது ஒரு பாடம்.

எலும்பு சேர்க்கும் கைகள்

அவர் எத்தனை பேரை வீழ்த்தினார் என்பதைவிட, எத்தனை பேரை எழுந்து நடக்க வைத்தார் என்பதே எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. சீனத்தில் தற்காப்புக் கலையும் எலும்பு வைத்தியமும் ஒன்றாக வளர்ந்தவை. பயிற்சியில் மூட்டு பிசகும், எலும்பு முறியும். அவற்றைச் சரிசெய்யவும் அக்கால ஆசான்கள் பலர் அறிந்திருந்தார்கள்.

1742இல் சீன அரசவை வெளியிட்ட மருத்துவ நூல் எலும்பு வைத்தியத்துக்கு எட்டுக் கைமுறைகளை வகுத்திருக்கிறது. தடவிப் பார்த்து அறிவது, விலகிய முனைகளைச் சேர்ப்பது, தாங்கிப் பிடிப்பது, தூக்கி நிறுத்துவது, அழுத்துவது, நீவுவது, தள்ளுவது, பிடித்து விடுவது என்பவை அவை. முதலில் வருவது தடவி அறிதல். எங்கே வலிக்கிறது என்று அறியாமல் கைவைக்கக் கூடாது. வாங் சிபிங் இந்த வைத்தியத்தில் தேர்ந்தவர். ஷாங்காயில் குடியேறி, எலும்பு, மூட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். அந்நகர மருத்துவமனைகளும் அவருடைய ஆலோசனையைப் பெற்றன.

நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் ஏற்ற 20 பயிற்சிகளையும் அவர் தொகுத்தார். அவற்றுக்கு அடிதடி தேவையில்லை. தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றை மெதுவாக அசைத்து இயங்க வைக்கும் பயிற்சிகள் அவை. 1960இல் பிரதமர் சூ என்லாயுடன் பர்மா சென்ற தற்காப்புக் கலைக் குழுவுக்கு அவரே தலைமைப் பயிற்சியாளர். அப்போது அவருக்கு வயது 80ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

தம் கலையை அவர் மகளுக்கும் கொடுத்தார். மகள் வாங் ஜூரோங் ஷாங்காயில் உடற்கல்விப் பேராசிரியராகி, பெண்கள் இத்துறையில் அதிகம் இல்லாத காலத்திலேயே பெயர் பெற்றார். முதுமையில் அமெரிக்கா சென்று அங்கும் கற்றுக்கொடுத்தார். தந்தை தொகுத்த பயிற்சிகள் இப்படித்தான் கடல் கடந்தன.

நாம் கேட்க வேண்டியவை

நம் மஹல்லாவில் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புமுன் நாம் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது.

அடிக்கக் கற்பிக்கும் ஆசான், காயம் படாமல் விழுவது எப்படி, காயம் பட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதையும் கற்பிக்கிறாரா? எலும்பு முறிந்திருக்கலாம் என்று தோன்றினால் அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசென்று எக்ஸ்ரே எடுப்பதே முறை. பயிற்சிக்கூடத்தில் நீவிப் பார்த்து நேரம் கடத்தக் கூடாது.

பெண் பிள்ளைகளுக்கும், உடல் நலிந்தவர்களுக்கும், வயதானவர்களுக்கும் அங்கே இடம் இருக்கிறதா?

ஆசானுக்குப் பிறகு அந்தக் கலையை எடுத்துச் செல்ல இன்னொருவர் தயாராகிறாரா? வயதான ஆசான்கள் பலர் யாருக்கும் முழுதாகக் கொடுக்காமலே போய்விடுகிறார்கள். அவரோடு ஒரு தலைமுறையின் அறிவும் மண்ணுக்குள் போய்விடுகிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், இந்த வாரமே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் ஸலாம் சொல்லுங்கள். அவர் என்ன கற்றுக்கொடுக்க விரும்புகிறார் என்று கேளுங்கள்.