"பாக்கி" என்று எழுதினால் போதுமா?

பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான பக்தர்கள் அண்ணாமலையாரை வலம் வருகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மறுபுறம் உள்ள அடி அண்ணாமலைக் கடைக்காரர்களுக்கு அந்த ஓர் இரவு வியாபாரம் பெரிது. வாகனக் கட்டுப்பாடு தொடங்குமுன் சரக்கு கடைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும்.

அனுப்ப முடியாத ஆர்டரை நம் மண்டிகளில் எப்படிக் குறிக்கிறோம்? "அடி அண்ணாமலை, சர்க்கரை 20 மூட்டை, பாக்கி." அவ்வளவுதான். சரக்கு இல்லையா, வண்டியில் இடமில்லையா, ஏற்ற ஆளில்லையா? நோட்டைப் பார்த்தால் தெரியாது.

இதனால் வரும் நஷ்டம் சிறிதல்ல. வண்டி போதாததைச் சரக்குப் போதாததாக எண்ணி, முதலாளி கூடுதலாகக் கொள்முதல் செய்கிறார். குடோன் நிறைகிறது, கடைக்காரருக்கோ அடுத்த பௌர்ணமிக்கும் அதே பதில். தேங்கியது சூடமாக இருந்தால், காற்றிலே கரைந்து எடையும் குறையும்.

"வண்டியில் இடமில்லை" என்பதும் முழுப் பதில் ஆகாது. மூன்று வண்டிகளில் மொத்தம் 30 மூட்டைக்கு இடம் இருக்கலாம். ஒன்று போளூருக்கும் ஒன்று செஞ்சிக்கும் போக, அடி அண்ணாமலை வண்டியில் 12 மூட்டைக்குத்தான் இடம் என்றால், மொத்தக் கணக்கால் பயனில்லை.

கணினித் துறையிலும் இதே சங்கடம் உண்டு. கூகுள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட கூபர்நெட்டிஸ் மென்பொருள், வேலைகளைப் பல கணினிகளுக்குப் பங்கிடுகிறது. ஒரு வேலைக்கு இடம் கிடைக்காவிட்டால், எத்தனை கணினிகளில் செயலித் திறன் போதவில்லை, எத்தனையில் நினைவகம் போதவில்லை என்று பிரித்தே குறிப்பு எழுதுகிறது. நாம் அதோடு எவ்வளவு குறைவு என்பதையும் சேர்த்து எழுதலாமே!

மேற்படி ஆர்டரை இப்படி எழுதிப் பாருங்கள்: "கேட்டது 20 மூட்டை. குடோன் இருப்பு 60. அடி அண்ணாமலை வண்டியில் இடம் 12. குறைவு 8, காரணம் வண்டி. அடுத்த நடை காலை 6 மணி."

இதைக் கடைக்காரருக்கும் சொல்லிவிட்டால், அவர் காத்திருப்பதா, வேறிடத்தில் வாங்குவதா என்று அப்போதே முடிவு செய்வார். மாதக் கடைசியில் காரணவாரியாகக் கூட்டினால், கொள்முதலைக் கூட்டுவதா, இன்னொரு வண்டி பிடிப்பதா என்பது நமக்கும் விளங்கிவிடும்.

எழுத அரை நிமிடம் கூடுதலாகும். வரும் பௌர்ணமி ஆர்டரிலிருந்தே தொடங்குவோம்.