பாதிவழியில் திரும்பியவர்



தொண்டர் குழுவோடு சில வார நற்செய்திப் பணிக்காகக் கடல்கடந்து சென்ற உங்கள் பிள்ளை, காலம் முடியுமுன்னே வீடு திரும்பினால் எவ்வாறு வரவேற்பீர்கள்?

பவுலோடும் பர்னபாவோடும் சைப்பிரசுக்குச் சென்ற மாற்கு எனும் யோவான், பெருகையில் அவர்களைப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பினார் (திப 13:13). காரணத்தை மறைநூல் கூறவில்லை. அடுத்த பயணத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளப் பவுல் மறுத்தார். அதனால் தோழர் இருவருமே பிரிந்தனர். பர்னபாவோ தம் உறவினராகிய மாற்குவைக் கைவிடாது, மீண்டும் சைப்பிரசுக்கே அழைத்துச் சென்றார். பின்னாளில் சிறையிலிருந்த பவுலே, பணிக்குப் பயனுள்ளவர் எனக் கூறி, மாற்குவை அழைத்துவரக் கேட்டார் (2 திமொ 4:11). நற்செய்தியாளர் மாற்கு இவரே என்பது திருச்சபை மரபு.

வாசலில் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைக்கு, காரணம் கேட்குமுன் சோறிடுங்கள். மறுமுறை செல்லத் துணிவூட்டும் பர்னபாக்களாக நாம் விளங்குவோமாக.