வராத காருக்கு முன்பணம்: கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2016 மார்ச் 31 அன்று அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் மாடல் 3 மின்சாரக் காரை அறிமுகம் செய்தது. ஆயிரம் டாலர் கட்டினால் வரிசையில் இடம் உண்டு என்றார்கள். இந்தியாவிலிருந்தும் பலர் கட்டினார்கள்; அன்றைய மதிப்பில் சுமார் 66 ஆயிரம் ரூபாய். 35,000 டாலர் கார் இங்கே என்ன விலைக்கு வரும், வரி எவ்வளவு, நம்மூர் வேகத்தடைக்கு அடிப்பாகம் தாங்குமா என்று வருடக்கணக்கில் பேச்சு ஓடியது. டெஸ்லா மும்பையில் முதல் ஷோரூம் திறந்தது 2025 ஜூலை 15 அன்று. அப்போது விற்பனைக்கு வந்தது மாடல் 3 அல்ல, மாடல் ஒய். ஆரம்ப விலையே 59.89 லட்சம் ரூபாய். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பழைய முன்பதிவாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரத் தொடங்கியது நிறுவனம். இடையில் ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

பணம் திரும்பி வந்தது என்பதால் இதை நல்ல முடிவு என்றே எடுத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

வரப்போகும் காரைப் பற்றிப் பேசுவதில் தவறே இல்லை. துணி போர்த்திய சோதனை வண்டியை நெடுஞ்சாலையில் படம் பிடிப்பதும், பேட்டரி எத்தனை கிலோவாட் மணி என்று கணிப்பதும், விலையை ஊகிப்பதும் வண்டிப் பிரியர்களுக்கு இயல்பான சந்தோஷம். இந்தப் பேச்சை நம்பிக் கையில் ஓடிக்கொண்டிருக்கும் காரை விற்றுவிடுவதும், சேமிப்பை எடுத்து முன்பணம் கட்டுவதும்தான் ஆபத்து. அதனால் ஒரு தகவல் காதில் விழுந்ததும் முதலில் கேட்க வேண்டியது, இதைச் சொன்னது யார் என்பதுதான். ஒரு ரசிகர் தன் ஊகத்தைச் சொன்னால் அது அவருடைய கருத்து. அது பொய்த்துப்போனால் நீங்கள் யாரிடமும் போய் நிற்க முடியாது. நிறுவனம் விளம்பரத்தில் சொன்னதும், டீலர் எழுத்தில் கொடுத்ததும், காசோ பரிசோ வாங்கிக்கொண்டு ஒருவர் வீடியோவில் புகழ்ந்ததும் சட்டத்தின் கண்ணில் வேறு வகை. அவற்றுக்குப் பொறுப்பேற்க ஆள் உண்டு.

அறிமுக மேடையில் சொல்வதுகூட இறுதி அல்ல என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 26 அன்று மஹிந்திரா நிறுவனம் இங்கே இரண்டு மின்சாரக் கார்களை அறிமுகப்படுத்தியது. அதில் ஒன்றின் பெயர் பிஇ 6இ. இண்டிகோ விமான நிறுவனம் '6இ' தன்னுடைய அடையாளம் என்று வழக்குப் போட, சில நாட்களிலேயே காரின் பெயர் பிஇ 6 என்று மாறியது. பெயர் மாறியதால் வாங்குபவருக்கு நஷ்டமில்லை. விலைதான் கவனிக்க வேண்டியது. அன்று எல்லோர் மனதிலும் பதிந்த எண் 18.90 லட்சம். அது அடிப்படை வேரியன்டின் எக்ஸ்-ஷோரூம் விலை. வீட்டில் பொருத்தும் சார்ஜரும் அதற்கான செலவும் அதில் சேராது. 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 50 ஆயிரம், 11.2 கிலோவாட் சார்ஜருக்கு 75 ஆயிரம் தனியே. எல்லோரும் புகழ்ந்து பேசிய வசதிகள் நிறைந்த உயர் வேரியன்டின் விலை அடுத்த ஜனவரியில்தான் தெரிந்தது: 26.90 லட்சம். 2025 பிப்ரவரி 14 அன்று முன்பதிவு திறந்தபோது, உயர் வேரியன்டை மார்ச்சிலிருந்தும் அடிப்படை வேரியன்டை ஆகஸ்டிலிருந்தும் தருவதாக அட்டவணை வந்தது. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை, எல்லாமே அறிவித்ததுதான். ஆனால் நவம்பரில் 18.90 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பழைய காரை விற்றவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

விலையே தெரியாமல் முன்பதிவு செய்வதும் நடக்கிறது. தூத்துக்குடியில் ஆலை அமைத்த வின்ஃபாஸ்ட் 2025 ஜூலை 15 அன்று 21 ஆயிரம் ரூபாய்க்கு முன்பதிவு தொடங்கியது. விலையை அறிவித்தது செப்டம்பர் 6 அன்று. தொகையை முழுவதும் திருப்பித் தருவோம் என்று சொன்னதால் அதில் பெரிய ஆபத்து இல்லை. நீங்களும் எந்த நிறுவனத்தின் படிவத்திலும் முதலில் தேட வேண்டியது இந்த வாசகத்தைத்தான். 'திருப்பித் தரப்படும்' என்று இருந்தால் மட்டும் போதாது. எத்தனை நாளில்? ரத்துக் கட்டணம் உண்டா? வேரியன்டையும் நிறத்தையும் உறுதி செய்த பிறகும் அந்த உரிமை நீடிக்குமா, அல்லது அந்த ஒரு பொத்தானை அழுத்தியதும் முடிந்துவிடுமா? பெரும்பாலான படிவங்களில், டெலிவரி அன்று அமலில் உள்ள விலையே செல்லும் என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். விலை ஏறினால் பிடித்தம் இல்லாமல் ரத்து செய்யலாமா என்று டீலரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சாக "பாத்துக்கலாம் சார்" என்று சொல்வது நுகர்வோர் ஆணையத்தின் முன் நிற்காது.

அடுத்தது ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம். இதில்தான் ஊகமும் உண்மையும் அதிகம் குழம்புகின்றன. நம் நாட்டில் சான்றளிக்கப்படும் தூரம் எம்ஐடிசி என்ற சோதனை முறையில் வருவது. ஆய்வகத்தில் உருளைகளின் மேல், ஏசி ஓடாமல், மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாத வேகத்தில் நடக்கும் சோதனை அது. மே மாத வெயிலில் ஏசி போட்டு, ஐந்து பேரும் பெட்டிகளுமாகத் திருச்சி நெடுஞ்சாலையில் போகும் கார் அந்தத் தூரத்தைத் தராது. நிறுவனங்களே இதை இப்போது ஒப்புக்கொள்கின்றன. டாடா கர்வ் இவியின் பெரிய பேட்டரிக்கு அறிமுகத்தின்போது சொன்ன சான்றளிக்கப்பட்ட தூரம் 585 கி.மீ. அதே நிறுவனம், வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உண்மையில் கிடைக்கக்கூடியது 400 முதல் 425 கி.மீ. என்றும் சேர்த்தே வெளியிட்டது. நான் பார்த்தவரை நேர்மையான நடைமுறை இது. எல்லா நிறுவனங்களும் பின்பற்ற வேண்டும். எந்தக் காரைப் பார்த்தாலும் இரண்டாவது எண்ணைக் கேளுங்கள்.

காரணம் இருக்கிறது. 2021 மார்ச்சில் டெல்லி அரசு டாடா நெக்ஸான் இவிக்கான மானியத்தை நிறுத்தி வைத்தது. சான்றில் 312 கி.மீ. இருக்க, தனக்கு 200-கூட வரவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்திருந்தார். நிறுவனம் உயர் நீதிமன்றம் போய் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை வாங்கியது. சோதனை நிலைமையில் அதிகாரபூர்வ அமைப்பு அளித்த எண் என்பதே அதன் வாதம். ஆக, "விளம்பரத்தில் போட்ட தூரம் வரவில்லை" என்பதை மட்டும் வைத்து வெல்வது கடினம். "நெடுஞ்சாலையில் 450 நிச்சயம்" என்று விற்பனையாளர் எழுதிய வாட்ஸ்அப் செய்தி உங்களிடம் இருந்தால் வழக்கின் கனமே வேறு. அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

மானியம் பற்றிய பேச்சிலும் பழைய தகவல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் தனிநபர் வாங்கும் காருக்கு மானியம் கிடையாது. மின்சார வாகனக் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை இருந்த வருமான வரிக் கழிவு, 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களோடு நின்றுவிட்டது. இந்த இரண்டையும் கணக்கில் கழித்துப் பட்ஜெட் போட்டால் பின்னால் கையைக் கடிக்கும்.

நிறுவனமே காரைக் கைவிட்டுவிட்டால்? ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் சோனோ மோட்டார்ஸ் என்ற சிறு நிறுவனம், உடலெங்கும் சூரியத் தகடு பதித்த சியான் என்ற காரை உருவாக்கியது. 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்பதிவுகள் வந்தன. காரின் ஒவ்வொரு மாற்றத்தையும் சொந்தக் குழந்தை வளர்வதைப் பார்ப்பதுபோல் பின்தொடர்ந்த ரசிகர் கூட்டம் அதற்கு இருந்தது. முதலீடு கிடைக்காமல் 2023 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. முன்பணத்தைத் தவணைகளாகத் தருவதாகச் சொன்ன நிறுவனம், மூன்றே மாதத்தில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அமெரிக்காவின் ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவால் மனு கொடுத்தபோது, கார் கையில் வந்தவர்களே உதிரிபாகத்துக்கும் மென்பொருளுக்கும் அலைய நேர்ந்தது. பெரிய பெயர்களும் விலக்கல்ல. 2017 நவம்பரில் டெஸ்லா அறிவித்த புதிய ரோட்ஸ்டருக்கு 50 ஆயிரம் டாலர் கட்டியவர்கள் உண்டு. 2020-இல் வரும் என்றார்கள், 2025 வரை ஒரு வண்டிகூட வாடிக்கையாளர் கைக்குப் போகவில்லை. நம் நாட்டில் 2022 ஆகஸ்ட் 15 அன்று ஓலா அறிவித்த மின்சாரக் கார் 2024-இல் வருவதாக இருந்தது; அதுவும் வரவில்லை.

இந்தியாவில் ஒரு நிறுவனம் திவாலானால் முன்பணம் கட்டியவரின் நிலை பலவீனமானது. வீடு வாங்குவோருக்கு 2018-இல் திவால் சட்டத்தைத் திருத்தி நிதிக் கடன் கொடுத்தவர் என்ற இடத்தைக் கொடுத்தார்கள். கார் முன்பதிவாளருக்கு அந்த இடம் இல்லை. வங்கிகளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அனுபவமில்லாத நிறுவனத்தின் முதல் காருக்கு, போனாலும் தாங்கும் தொகைக்கு மேல் கட்டாதீர்கள்.

இவை போக, நேரடித் திருட்டு ஒன்றும் இருக்கிறது. ஒரு காரைப் பற்றிய பேச்சு சூடாகும்போது, நிறுவனத்தின் பெயரில் போலி இணையதளமும் 'டீலர்ஷிப் தருகிறோம்' என்ற அழைப்பும் கிளம்புகின்றன. முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்; வந்த இணைப்பை அழுத்தாதீர்கள். விற்பனையாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் அல்லது டீலரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்பி ரசீது வாங்குங்கள். ஏமாந்தது தெரிந்தால் அந்த நிமிடமே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்க முடிந்தால்தான் மீட்க வழி. மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

இனி உரிமைகள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விலையில் ஒரு பகுதியைக் கொடுத்து மீதியைத் தருவதாக ஒப்புக்கொண்டவரும் நுகர்வோர்தான். எனவே கார் வீட்டுக்கு வராமலே, முன்பதிவுத் தொகைக்காகவும் புகார் செய்யலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கினால் பொருந்தாது. பிழைப்புக்காகச் சொந்தமாக டாக்ஸி ஓட்டுபவருக்கு விலக்கு உண்டு. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, பெரிய எழுத்தில் சொன்னதைச் சிறிய எழுத்தில் மறுத்துவிட முடியாது. பணமோ, இலவசப் பயணமோ, தள்ளுபடியோ பெற்றுக்கொண்டு ஒரு காரைப் பரிந்துரைப்பவர் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்; இல்லையென்றால் அவருக்கும் அபராதம் உண்டு, ஓராண்டு வரை பரிந்துரைக்கத் தடையும் விதிக்கலாம். ரசிகராகத் தொடங்கி இன்று ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் வீடியோ போடும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். உங்களை நம்பித்தான் ஒருவர் பணம் கட்டுகிறார். ஊகத்தை ஊகம் என்றே சொல்லுங்கள்.



பணம் திரும்பவில்லை, அல்லது சொன்ன வண்டி வேறு வந்த வண்டி வேறு என்றால், முதலில் டீலருக்கும் நிறுவனத்துக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள்; தேதி, தொகை, பரிவர்த்தனை எண், என்ன தீர்வு வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பதில் கேட்டுப் பதினைந்து நாள் கெடு கொடுப்பது வழக்கம். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி இது, செலவில்லை. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒப்பந்தமே அநியாயமானது, ரத்து செய்தால் மொத்தப் பணமும் போகும் என்று எழுதியிருக்கிறது என்பது உங்கள் புகாரானால், அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அது சென்னையில் இருக்கிறது, மதுரையிலும் அமர்வு உண்டு.

இதற்கெல்லாம் சான்று வேண்டும், அதைச் சேர்க்க வேண்டிய காலம் முன்பதிவு செய்யும் அன்றே. அறிமுகத்தன்று வந்த விலைப் பட்டியலையும் வசதிப் பட்டியலையும் அப்போதே பதிவிறக்கி வையுங்கள். இணையதளத்தில் எழுதியது பிறகு மாறலாம். 'ஆயுட்கால பேட்டரி உத்தரவாதம்' என்று சொன்னால், அது எத்தனை ஆண்டு, முதல் உரிமையாளருக்கு மட்டுமா, காரை விற்றால் என்ன ஆகும் என்பதை உத்தரவாதப் புத்தகத்தில் பாருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள், சார்ஜர் பொருத்தச் சங்கத்தின் சம்மதமும் மின் இணைப்பில் போதிய சுமை அனுமதியும் கிடைக்கும் என்று உறுதியான பிறகே பதிவு செய்யுங்கள். புதிய கார் உங்கள் பெயரில் பதிவாகும்வரை பழைய காரை விற்காதீர்கள்.

புகார் கொடுக்கச் சட்டம் தரும் காலம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். டீலர் "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாலும் அந்தக் கெடு தானாக நீளாது.