அரிய சொல்லின் எடை

கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை அணையைச் சுற்றியுள்ள மலைகளில் ரப்பர் பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கிவிடும். மரப்பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் தணியும். பால் வடிவது குறையும். அந்தப் பால் போய்ச் சேரும் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வேதியியல் பட்டதாரி, மூன்று வருட அனுபவம். அவரைப் போன்ற ஒருவரைத் தேடி, எங்கோ ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஆள்சேர்ப்பு அதிகாரி, வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்டுஇன் தளத்தில் இரண்டு மூன்று சொற்களைத் தட்டுகிறார். கண் சிமிட்டும் நேரத்தில் பட்டியல் வந்துவிடுகிறது. பேச்சிப்பாறைப் பெண்ணின் பெயர் அதில் எப்படி இடம்பெறும்?

2003 மே மாதம் தொடங்கப்பட்ட அந்தத் தளம் 2023-இல் 100 கோடி உறுப்பினர்களைத் தாண்டியது. இந்தியர்கள் மட்டுமே 10 கோடிக்கு மேல். ஒரு ப்ரொஃபைலுக்கு ஒரு விநாடி என்று கணக்கு வைத்து, உண்ணாமல் உறங்காமல் ஒருவர் அத்தனையையும் புரட்டினால் முடிக்க 31 ஆண்டுகளுக்கு மேலாகும். கணினி வேகமானதுதான், ஆனாலும் அதுவும் இப்படிப் புரட்டுவதில்லை. தேடலுக்கான வேலையில் பெரும்பகுதி, யாரும் எதையும் தேடத் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

நல்ல ஆய்வு நூலின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருக்குமல்லவா? எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டுமே, அதே உத்திதான் இதுவும். ஒவ்வொரு சொல்லுக்கும், அதைத் தங்கள் ப்ரொஃபைலில் எழுதியிருப்பவர்களின் உறுப்பினர் எண்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் தயாராக இருக்கும். இதைத் தலைகீழ் அடைவு என்கிறார்கள்: ஆளைக் கொடுத்தால் சொல் கிடைப்பதற்குப் பதில், சொல்லைக் கொடுத்தால் ஆள் கிடைக்கிறார். 'வேதியியலாளர்' என்ற சொல்லுக்கு 30 லட்சம் பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒருவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்க்க 30 லட்சத்தையும் தொட வேண்டாம். பட்டியலை நடுவில் பிளந்து, அவர் எண் எந்தப் பாதியில் வரும் என்று பார்த்து, அந்தப் பாதியை மறுபடியும் பிளந்துகொண்டே போனால் 22 முறைக்குள் விடை கிடைத்துவிடும். எண்களை முறையாக அடுக்கி வைத்ததற்குக் கிடைக்கும் பலன் இவ்வளவு பெரியது!

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். அதிகாரி தட்டும் எல்லாச் சொற்களுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. 1972-இல் இங்கிலாந்தின் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற கணினி அறிஞர் ஓர் எளிய விதியை முன்வைத்தார்: எத்தனை குறைவான ஆவணங்களில் ஒரு சொல் வருகிறதோ, அத்தனை கூடுதலாக அதற்கு எடை கொடு. இன்றைய தேடுபொறிகளின் அடித்தளத்தில் இந்த விதியின் சாயல் இருக்கிறது. கணக்கையும் விரல் விட்டுச் செய்யலாம். மொத்த ப்ரொஃபைல்களை, அந்தச் சொல் வரும் ப்ரொஃபைல்களால் வகுத்து, விடையில் உள்ள பூஜ்ஜியங்களை எண்ண வேண்டியதுதான். 'கடின உழைப்பாளி' என்று 10 கோடிப் பேர் எழுதியிருந்தால், 100 கோடியை 10 கோடியால் வகுக்க 10. பூஜ்ஜியம் ஒன்று, எடை ஒன்று. 'மையவிலக்கு ரப்பர் பால்' என்று பத்தாயிரம் பேர் எழுதியிருந்தால் விடை ஒரு லட்சம், எடை ஐந்து. எல்லோருமே எழுதும் சொல்லுக்கு விடை 1 வரும். அதில் பூஜ்ஜியமே இல்லை, எடையும் இல்லை.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் ப்ரொஃபைல்களைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருப்பது இதனால்தான். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆனால் ப்ரொஃபைலில் 'ரப்பர் கம்பெனியில் வேலை, குழுவாகச் செயல்படுவேன், கற்றுக்கொள்ளும் ஆர்வம் உண்டு' என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஆய்வகப் பெண் உண்மையில் செய்யும் வேலையைக் கொஞ்சம் பாருங்கள். மரத்திலிருந்து வரும் பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி அதை 60 சதவீதத்துக்குச் செறிவாக்குகிறார்கள். எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று அளப்பது டி.ஆர்.சி. சோதனை, அதாவது உலர் ரப்பர் அளவு. பால் கெடாமல் காக்கும் அம்மோனியாவை அளப்பது இன்னொரு சோதனை. நுண்ணுயிர்கள் பாலைக் கெடுக்கத் தொடங்கிவிட்டனவா என்பதைக் காட்டிக்கொடுப்பது வி.எஃப்.ஏ. எண், ஆவியாகும் கொழுப்பு அமிலங்களின் அளவு அது. பிறகு எம்.எஸ்.டி. எனப்படும் இயந்திர நிலைப்புச் சோதனை: பாலை நிமிடத்துக்கு 14,000 சுற்று வேகத்தில் கலக்கி, அது திரியத் தொடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். சர்வதேசத் தரப்படி குறைந்தது 650 விநாடி, அதாவது 11 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக, பால் தாக்குப்பிடிக்க வேண்டும். குழாயிலும் கலவைத் தொட்டியிலும் அடிபடும்போது திரியாத பால்தான் கையுறையாகும்.

இந்த நான்கு சோதனைகளின் பெயர்களையும், சோதித்த மாதிரிகள் எத்தனை, பின்பற்றிய தரநிலை எது என்பதையும் அவர் தன் பணி விவரத்தில் எழுதிவிட்டால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. தினமும் கையாளுவதால் அவருக்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்தச் சொற்கள், 100 கோடிப் பேர் நடுவே மிக அரியவை. ஆள்தேடும் அதிகாரியும் அவற்றையேதான் தட்டுவார், பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆகவே ஆங்கிலச் சுருக்கத்தையும் முழுப்பெயரையும் சேர்த்தே எழுதுவது நல்லது. பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் 220 எழுத்துகளுக்கு இடம் உண்டு. தேடல் முடிவுகளில் படத்துக்கும் பெயருக்கும் அடுத்து கண்ணில் படுவது அந்த வரிதான். அதில் வெறுமனே 'வேலை தேடுகிறேன்' என்று எழுதுவதைவிட 'ரப்பர் பால் தரக்கட்டுப்பாட்டு வேதியியலாளர்' என்று எழுதுவது எத்தனையோ மேல்.

சரி, அதிகாரி வேறு சொல்லைத் தட்டினால்? ஒரே திறனை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். லிங்க்டுஇன் தன்னிடம் ஏறத்தாழ 39,000 திறன்களுக்கான பட்டியல் இருப்பதாகவும், அவற்றுக்கு 3,74,000-க்கும் மேற்பட்ட மாற்றுப் பெயர்களைச் சேர்த்து வைத்திருப்பதாகவும் தெரிவித்திருக்கிறது. சராசரியாக ஒரு திறனுக்கு ஒன்பது பத்துப் பெயர்கள்! அதற்கும் அடியில் ஓடுவது உட்பொதிவு என்ற நுட்பம்: ஒரு சொல்லையோ ஒருவரின் முழு விவரத்தையோ நூற்றுக்கணக்கான எண்களின் வரிசையாக மாற்றுவது. 2013-இல் கூகுளில் தொமாஸ் மிகோலவ் குழுவினர் இதைப் பரவலாக்கினார்கள். ஒரே மாதிரியான சூழலில் வரும் சொற்களுக்கு ஒன்றுக்கொன்று நெருக்கமான எண்வரிசைகள் அமைந்துவிடும். இரண்டு சொற்கள் உறவுள்ளவை என்று இயந்திரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இத்தனைக்கும் மூலப்பொருள் நாம் எழுதியது மட்டுமே. வெற்றிடத்திலிருந்து எந்த எண்வரிசையும் திறமையை ஊகித்துவிட முடியாது. செய்யாத வேலையை எழுதி வைத்தாலோ, முதல் நேர்காணலிலேயே சாயம் வெளுத்துவிடும்.

நாகர்கோவில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்த தலைமுறைக்கு இது புதிராக இருக்கும். அங்கேயும் தொழில்களுக்குக் குறியீட்டு எண் உண்டு. ஆனால் அங்கே ஆளைத் தூக்கிவிட்டது பதிவு மூப்பு. இங்கே மூப்புக்கு மரியாதை இல்லை. எது முன்னால் வர வேண்டும் என்பதை இயந்திரம் கடந்தகால அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்கிறது. லிங்க்டுஇன் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று வியப்பான விஷயத்தைச் சொல்கிறது: தேடல் வெற்றி பெற்றதா என்பதை அளக்க, அதிகாரி செய்தி அனுப்பினாரா என்பதோடு, பெற்றவர் அதற்கு இணங்கிப் பதில் தந்தாரா என்பதையும் பார்க்கிறார்கள். வேலைக்குப் பொருத்தமானவர் என்பது பாதிதான். அந்த வேலையில் அவருக்கும் நாட்டம் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அவர்கள் இன்னொன்றையும் விவரித்தார்கள்: தகுதியுள்ள பெண்கள் பட்டியலின் அடியில் புதைந்துபோகாமல், தகுதியானோர் தொகுப்பில் அவர்கள் இருக்கும் விகிதம் முதல் பக்கத்திலும் தெரியும்படி வரிசையை மாற்றி அமைக்கும் முறை.

சொற்களுக்கு அடுத்து மனிதர்கள். 1973-இல் வெளியான ஆய்வுக்காக மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் கேட்டார்: அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்? அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். மற்றவர்களுக்கு வேலை வந்த வழி, எப்போதாவது பார்ப்பவரும் அபூர்வமாகப் பார்ப்பவரும். காரணத்தை யோசித்தால் விளங்கும். தினமும் பார்க்கும் நண்பனுக்குத் தெரிந்த வேலைச் செய்தி அநேகமாக நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வேறொரு வட்டத்திலிருந்துதான் வர வேண்டும்.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு இது பெரிய அளவிலான பரிசோதனை இல்லாமலே பேசப்பட்டது. அப்படிச் சோதித்துப் பார்த்த முடிவுகள் 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தன. 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று லிங்க்டுஇன் தளம் பரிந்துரைக்கும் பெயர்களைச் சிலருக்குச் சற்று மாற்றிக் காட்டி, ஐந்து ஆண்டுகளில் 2 கோடிப் பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 200 கோடிப் புதிய தொடர்புகள் உருவாயின. 6 லட்சம் புதிய வேலைகள் கிடைத்தன. நெருங்கிய உறவைவிட மெல்லிய உறவே வேலைக்கு அதிகம் உதவியது. அதிலும் ஒரு நுணுக்கம்: முன்பின் தெரியாதவரும் அந்த அளவுக்குப் பயன்படவில்லை. பொதுவான நண்பர்கள் சிலராவது இருக்கும், அரைகுறையாகத் தெரிந்தவரே அதிகம் கைகொடுத்தார்.

அப்படிப் பார்த்தால் நம் ஆய்வகப் பெண்ணைச் சுற்றி ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி. வருடத்துக்கு ஒருமுறை தரச்சான்றுத் தணிக்கைக்கு வருபவர். பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருவனந்தபுரத்துக்காரர். கல்லூரியில் இரண்டு வருடம் முன்னால் படித்து, இப்போது மலேசியாவில் கையுறைக் கம்பெனியில் இருக்கும் அக்கா. இவர்களில் யாருக்கு அழைப்பு அனுப்பினாலும், எங்கே சந்தித்தோம் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பட்டும். அந்த அக்காவின் தொழிற்சாலையில் எம்.எஸ்.டி. சோதனை தெரிந்த ஆள் தேவைப்படும் நாளில், நம் ஆய்வகப் பெண்ணின் பெயரைத் தேடுபொறியும் சொல்லும், அக்காவும் சொல்வார்.