உச்சி வெயிலில் போன் மேப் தெரியவில்லையா? பெரிய செலவில்லாமல் சரிசெய்வது எப்படி?

மதியம் 12 மணி. கடலூர் சாலையில் இருந்து பூரணாங்குப்பம் பக்கம் பைக்கைத் திருப்ப வேண்டும். ஹேண்டில்பாரில் மாட்டிய போனைக் குனிந்து பார்த்தால் மேப் தெரியவில்லை. போட்டிருக்கும் சட்டைதான் தெரிகிறது! 'மட்டமான போன்' என்று திட்டத் தோன்றும். ஆனால், சிக்கல் போனில் மட்டும் இல்லை.

கணக்கு என்ன?

திரையின் வெளிச்சத்தை 'நிட்ஸ்' என்ற அளவில் சொல்வார்கள். பட்ஜெட் போன் ஒன்றில் இது 500 என்று வைத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் ஒரு வெள்ளைச் சட்டையோ சுமார் 25,000 நிட்ஸ் அளவுக்குப் பளிச்சிடும். திரைக் கண்ணாடி அதில் 4 சதவீதத்தைப் பிரதிபலித்தாலே 1,000 நிட்ஸ். மேப்பைவிடச் சட்டை இரண்டு மடங்கு பிரகாசம். அப்புறம் எப்படித் தெரியும்?

வெயிலையே விளக்காக்கிய திரை

கால்குலேட்டர் திரை வெயிலில் நன்றாகவே தெரியும். காரணம், அது வெளியே இருந்து விழும் வெளிச்சத்தையே திருப்பி அனுப்பிப் படம் காட்டுகிறது. இதே உத்தியை மேரி லூ ஜெப்சன், ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கான 'எக்ஸ்ஓ' லேப்டாப்பில் 2007-லேயே கொண்டுவந்தார். பிறகு அவர் தொடங்கிய 'பிக்சல் சி' நிறுவனத்தின் திரை, 2011-ல் இந்தியாவின் 'நோஷன் இங்க் ஆடம்' டேப்லெட்டிலும் வந்தது. பின்விளக்கை அணைத்தாலும் வெயிலில் படிக்கலாம். வண்ணம் மட்டும் மங்கிவிடும். பளிச் வண்ணத்துக்குப் பழகிய சந்தையில் அது பரவலாகவில்லை.

சரி, இப்போ என்ன பண்றது?

* டார்க் மோடு வேண்டாம்: கருப்புத் திரை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பகலில் வெள்ளைப் பின்னணி மேப்தான் பெஸ்ட்.
* கோணத்தை மாற்றுங்கள்: திரையில் வானமும் சட்டையும் தெரியாதபடி போனைச் சாய்த்து மாட்டுங்கள். அடர் நிறச் சட்டையும் உதவும்.
* நிழல் கொடுங்கள்: போனுக்கு மேல் சிறிய கருப்பு மறைப்பு போதும். சூடு ஏறினால் பல போன்கள் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். நிழல் அதையும் தடுக்கும்.
* மேட் ஸ்கிரீன் கார்டு: பிம்பத்தைக் கலைத்துவிடும். ஆனால், நேரடி வெயில் விழுந்தால் திரை வெளுக்கும். எனவே மறைப்பும் தேவை.
* கூலிங் கிளாஸ்: போலரைஸ்டு வகை என்றால், சில கோணங்களில் திரை கருப்பாகிவிடும். போனைத் திருப்பிப் பாருங்கள்.

2 செகண்ட், 22 மீட்டர்

40 கி.மீ. வேகத்தில் 2 விநாடி திரையை உற்றுப் பார்த்தால், சாலையைப் பார்க்காமலேயே வண்டி 22 மீட்டர் ஓடியிருக்கும். மேப் தெரியலைன்னா முறைச்சுப் பார்க்காதீங்க. வாய்ஸ் வழிகாட்டுதலை ஆன் பண்ணுங்க, இல்லன்னா ஓரமா நிறுத்திப் பாருங்க.